ரெண்டு ஏர்லைன்ஸ் ஒண்ணா சேர்ந்தா பிளேன் என்ன ஆகும், ரூட் என்ன ஆகும்? கடையில அடிக்கடி கேக்குற கேள்விகள்

காரைக்குடி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல டிக்கெட் போடுற கடை வச்சிருக்கேன், இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. சிங்கப்பூர், மலேசியா, துபாய் போறவங்க தான் எப்பவும் நம்ம கஸ்டமர், இப்ப கொஞ்ச வருஷமா பேரப்புள்ளைய பாக்க அமெரிக்கா, ஆஸ்திரேலியான்னு கிளம்புற ஆச்சிமாரும் சேர்ந்துட்டாங்க. 2024 அக்டோபர்ல ஏர்ஏசியா இந்தியாவா இருந்தது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுக்குள்ள போச்சு, நவம்பர்ல விஸ்தாரா ஏர் இந்தியாவுக்குள்ள போச்சு, அந்த ரெண்டு மாசம் கடையில டிக்கெட் போட்டத விட விளக்கம் சொன்னது தான் அதிகம். திரும்பத் திரும்ப வந்த கேள்வியெல்லாம் இங்க எழுதிப் போடுறேன், இனிமே கேக்குறவங்களுக்கு இதையே அனுப்பிடலாம்.

மெர்ஜர்னா பேரு மாறுறது தானே அண்ணே?

இல்ல. வெறும் பேரு மாத்துறது வேற கதை. திருச்சியில இருந்து கோலாலம்பூர் போன மலிந்தோ 2022-ல பாட்டிக் ஏர்னு ஆச்சே, அது பேரு மாத்துனது, கம்பெனி அதே கம்பெனி. மெர்ஜர்ல பேரு மாறுறது கிட்டத்தட்ட கடைசி வேலை.

நம்ம ஊருக்காரங்களுக்கு சுலபமா சொல்லணும்னா, நகரத்தார் வீட்டுல பையனுக்குக் கல்யாணம் ஆனதும் கொஞ்ச நாள்ல வேறு வைப்பாங்கல்ல, அதே வீடு, அதே வளவு, அதே முகப்பு, ஆனா அவங்களுக்கு தனி அடுப்பு, தனி வரவு செலவு, கோயில் வரின்னு வந்தாலும் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம்னு கணக்கு. மெர்ஜர்ங்கிறது இதைத் தலைகீழா பண்றது, வேறு வச்ச ரெண்டு புள்ளிய திரும்ப ஒரே அடுப்புக்கு கொண்டு வர்றது. வாசல்ல போர்டு மாத்திடலாம் ஒரு நாள்ல, அடுப்ப சேக்குறது தான் வருஷக்கணக்கா இழுக்கும்.

பிளேன் கம்பெனிக்கு அந்த அடுப்பு தான் ஏஓசி, அதாவது பிளேன் ஓட்டுறதுக்கு அரசாங்கம் தர்ற சர்டிஃபிகேட், நம்ம நாட்டுல டிஜிசிஏ தரும். ரெண்டு கம்பெனிக்கும் ரெண்டு ஏஓசி இருக்குற வரைக்கும், முதலாளி ஒருத்தரா இருந்தாலும், இந்த பைலட் அந்த பிளேனத் தொட முடியாது, இந்த இன்ஜினியர் அந்த பிளேனுக்கு கையெழுத்துப் போட முடியாது. அமெரிக்காவுல டெல்டா 2008 அக்டோபர்ல நார்த்வெஸ்ட்ட வாங்குச்சு, ஏஓசி ஒண்ணானது 2009 டிசம்பர் கடைசியில. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் யுஎஸ் ஏர்வேஸோட சேர்ந்தது 2013 டிசம்பர், சர்டிஃபிகேட் ஒண்ணானது 2015 ஏப்ரல், யுஎஸ் ஏர்வேஸ் பேருல கடைசி பிளேன் பறந்தது அந்த வருஷம் அக்டோபர்ல. விஸ்தாராவும் அப்படித்தான், 2022 நவம்பர்ல அறிவிச்சு 2024 நவம்பர் 12 அன்னிக்கு தான் முடிஞ்சுது.

டிக்கெட் ஏற்கனவே போட்டாச்சு, நடுவுல கம்பெனி சேர்ந்துட்டா அது செல்லுமா?

செல்லும். விஸ்தாராவுல யுகே 955-ன்னு இருந்த பிளைட் ஏஐ 2955 ஆச்சு, முன்னாடி ஒரு 2 சேத்துக்கிட்டாங்க அவ்வளவு தான், பிளேன் அதே பிளேன், நேரமும் அதே நேரம். நவம்பர் 12-க்கு அப்புறம் போற டிக்கெட்டுக்கு செப்டம்பர் 3-லயே விஸ்தாரா பேருல புக்கிங்க நிறுத்திட்டாங்க, ஏற்கனவே போட்டு வச்சிருந்தவங்களுக்கு டிக்கெட்ட மாத்தி அனுப்புனாங்க.

ஆனா டிக்கெட் செல்லுதுங்குறதும் டிக்கெட்டோட சேர்ந்த எல்லாம் செல்லுதுங்குறதும் ஒண்ணு இல்ல. இத நான் பட்டு தெரிஞ்சுக்கிட்டேன். சில வருஷம் முன்னாடி தேவகோட்டை ஆச்சி ஒருத்தங்களுக்கு ஒரு கம்பெனியில டிக்கெட் போட்டேன், எந்த கம்பெனின்னு வேணாம், முழங்கால் ஆபரேஷன் ஆனவங்க, வீல்சேர் கேட்டு போட்டு, கன்ஃபர்ம் ஆகி, பிரிண்ட்டும் கையில குடுத்தாச்சு. நடுவுல அந்த கம்பெனி புக்கிங் சிஸ்டத்த மாத்துச்சு, பேரும் தேதியும் புது சிஸ்டத்துக்கு பத்திரமா போச்சு, வீல்சேர் மட்டும் போகல. காலையில அஞ்சு மணிக்கு ஏர்போர்ட்ல இருந்து போன், "தம்பி, அப்படி ஒண்ணும் இல்லைங்கிறானே"ன்னு. அவங்க மகன் ஒரு பையில சீப்பு சீடை, இன்னொரு பையில மணகோலம்னு ரெண்டு கையும் நிறைய வச்சுக்கிட்டு, அம்மாவ தோளுல தாங்கி கவுண்டர் வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போயிருக்காரு. அன்னிக்கு வாங்குன ஏச்சு இன்னும் காதுல இருக்கு. அதுல இருந்து, ரெண்டு கம்பெனி சேருற நேரத்துல டிக்கெட் வச்சிருக்கவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணே தான், சீட் நம்பர், சாப்பாடு, வீல்சேர், எக்ஸ்ட்ரா லக்கேஜ் நாலையும் புது நம்பர்ல திரும்பப் பாருங்க, இல்லைன்னா திரும்பப் போடுங்க. பெரிய ஊர்லயே இது நடக்கும், யுனைடெட்டும் கான்டினென்டலும் 2012 மார்ச் 3-ஆம் தேதி ரெண்டு சிஸ்டத்தையும் ஒண்ணாக்குன அன்னிக்கு அமெரிக்கா பூரா கவுண்டர்ல வரிசை நின்னுச்சு.

லக்கேஜ் பத்தி தனியா ஒரு வார்த்தை. எத்தனை கிலோங்குறது உங்க டிக்கெட்டுல எழுதியிருக்குறது தான், போன தடவை எவ்வளவு விட்டான்னு கணக்கு வச்சு அரிசி முறுக்கு டின்ன கட்டிட்டுப் போகாதீங்க.

ஒரே கம்பெனி ஆயிட்டா பிளேன் கூடத்தானே செய்யும், அதுல என்ன கஷ்டம்?

எண்ணிக்கை கூடும், வகையும் கூடும். வகை கூடுறது தான் தலைவலி.

அம்பாசடர் ஓட்டுனவரு இன்னோவா சாவிய வாங்கி ஓட்டிட்டுப் போயிடலாம், பிளேன்ல அது நடக்காது. ஏர்பஸ் 320 ஓட்டுற பைலட்டுக்கு போயிங் 737-ஐ ஓட்ட லைசென்ஸ் கிடையாது, டைப் ரேட்டிங்னு தனிப் படிப்பு, சிமுலேட்டர்ல வாரக்கணக்கா உக்காரணும், அந்த நாள்ல எல்லாம் அவரு பழைய பிளேனையும் ஓட்ட மாட்டாரு, சம்பளம் மட்டும் ஓடும். ஏர்பஸ்ல 319, 320, 321 மூணுக்கும் ஒரே ரேட்டிங் போதும், அதுக்காகவே சில கம்பெனி அந்த குடும்பத்த விட்டு நகராது. பைலட்டோட முடியல, மெக்கானிக்குக்கும் ஒவ்வொரு வகைக்கும் தனி கையெழுத்து உரிமை வேணும். ஸ்பேர் பார்ட்ஸ் ரெண்டு வகைக்கும் வாங்கி ரெண்டு இடத்துல அடுக்கணும், ஒரே மாடல் பிளேன்ல கூட இன்ஜின் வேற கம்பெனி செஞ்சதா இருந்தா அதுக்கும் தனி. திருச்சி மாதிரி ஏர்போர்ட்ல பிளேன் நின்னு போச்சுன்னா பார்ட் வேற ஊர்ல இருந்து வரணும், மாத்து பிளேன் அனுப்பலாம்னா அதே வகையா இருந்தா தான் அங்க ரெடியா இருக்குற பைலட்ட ஏத்த முடியும். நாலு மணி நேரம் லேட்டுன்னு சொல்லி உக்கார வைக்கிறாங்கல்ல, அதுக்குப் பின்னாடி பல நேரம் இந்தக் கணக்கு தான் ஓடும்.

அதனால தான் சிலபேரு வாங்குன பிளேன வாங்குன கையோட தள்ளி விடுவாங்க. சவுத்வெஸ்ட்னு அமெரிக்கக் கம்பெனி, 737 தவிர வேற ஒண்ணும் ஓட்டாது, 2011-ல ஏர்டிரான வாங்குச்சு, அதுகிட்ட போயிங் 717 88 இருந்துச்சு, ரெண்டுமே போயிங் தான் ஆனா வேற வேற வகை, அந்த 88-ஐயும் டெல்டாவுக்கு வாடகைக்கு விட்டுட்டு நிம்மதியா உக்காந்துருச்சு. அலாஸ்கா ஏர்லைன்ஸ் கதை இன்னும் வேடிக்கை. நாங்க முழுக்க போயிங்னு பிளேன் மூக்குலயே பெருமையா எழுதி வச்சிருந்தவங்க, 2016-ல 260 கோடி டாலர் குடுத்து வர்ஜின் அமெரிக்காவ வாங்குனாங்க, அது முழுக்க ஏர்பஸ்! ஏழு வருஷம் ரெண்டு அடுப்பு எரிஞ்சுது, 2023 செப்டம்பர்ல தான் கடைசி ஏர்பஸ்ஸ கழட்டி விட்டாங்க, நல்ல புது 321 நியோ பத்தையும் அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கு வித்தாச்சு. அப்ப எதுக்கு வாங்குனாங்கன்னு கேப்பீங்க. பிளேனுக்காக இல்ல, கலிஃபோர்னியாவுல சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ் ஏர்போர்ட்ல இருந்த இடத்துக்காக. வீடு வாங்குறவன் சில நேரம் மனைக்காக வாங்குறான்ல, அது மாதிரி.

அப்ப ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஏன் ரெண்டு வகையும் ஓட்டுது?

நல்ல கேள்வி, பள்ளத்தூர் பையன் ஒருத்தன் கேட்டது. பழைய எக்ஸ்பிரஸ் போயிங் 737, ஏர்ஏசியா இந்தியா ஏர்பஸ் 320, 2024 அக்டோபர் 1-ல ஒண்ணானதும் ரெண்டும் ஒரே கூரைக்குள்ள வந்துருச்சு, போதாததுக்கு புது 737 மேக்ஸ் வேற வந்துக்கிட்டு இருக்கு. இப்ப உலகம் பூரா பிளேனுக்கு தட்டுப்பாடு, ஆர்டர் போட்டா வருஷக்கணக்குல வெயிட்டிங், கையில இருக்குறத எவன் விடுவான்? தட்டுப்பாட்டுக் காலத்துல சேருற கம்பெனி ரெண்டு வகையையும் பொறுத்துக்கும், பிளேன் மலிவா கிடைக்குற காலத்துல சேருற கம்பெனி ஒண்ண விரட்டிடும், நான் பாத்தவரைக்கும் இது தான் நடக்குது.

உங்களுக்கு இதுல என்னன்னா, ஒரே ரூட்டுல இன்னிக்கு ஒரு வகை நாளைக்கு வேற வகை வரலாம், சீட் வரிசை மாறும், 12-ஏ ஜன்னல்னு காசு கட்டி வாங்கியிருப்பீங்க, வந்த பிளேன்ல அந்த இடத்துல ஜன்னலே இல்லாம வெறும் சுவரா இருக்கும். புக்கிங்ல பிளேன் வகை போட்டிருக்கும், பாத்துக்கலாம், சத்தியம் பண்ணி நம்ப வேணாம்.

விஸ்தாரா பிளேன் எல்லாம் எங்க போச்சு?

எங்கயும் போகல, எழுபது பிளேனும் அப்படியே ஏர் இந்தியாவுக்கு வந்துருச்சு. இது கொஞ்சம் அதிர்ஷ்டமான ஜோடி, ரெண்டு பக்கமும் ஏர்பஸ் 320 குடும்பம், ரெண்டு பக்கமும் போயிங் 787. விஸ்தாரா 320-ல பிசினஸ் 8, பிரீமியம் எகானமி 24, எகானமி 132-ன்னு மூணு வகுப்பு வச்சிருந்தாங்க, இப்ப ஏர் இந்தியா தன்னோட பழைய 320 நியோவப் பிரிச்சு அதே 8, 24, 132-க்கு மாத்துச்சு. புகுந்த வீட்டு சமையல மருமக மாத்திட்டா மாதிரி. டாடா 51, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 49-ன்னு பங்கு வச்சு நடத்துன கம்பெனி அது, இப்ப சேர்ந்த ஏர் இந்தியாவுல சிங்கப்பூர்காரங்களுக்கு 25.1 சதவீதம்.

வேண்டாத பிளேன தூக்கிப் போட்டுருவாங்களா?

பாதி பிளேன் கம்பெனிக்கு சொந்தமே இல்ல, லீஸ். கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுக்குற மாதிரி, ஒப்பந்தம் முடியுற வரைக்கும் வாடகை கட்டியே ஆகணும், முடிஞ்சா எப்படி வாங்குனமோ அதே கண்டிஷன்ல திருப்பிக் குடுக்கணும், நசுங்கல் இருந்தா தண்டம். அதனால சேர்ந்த உடனே புது முதலாளி லீஸ்காரங்ககிட்ட உக்காந்து வாடகைய குறைன்னு பேரம் பேசுவாரு, ஒத்து வரலைன்னா தேதி பாத்து ஒண்ணொண்ணா திருப்பி விடுவாரு. சொந்த பிளேன்னா வித்துருவாங்க, ரொம்ப கிழடு ஆயிட்டா அமெரிக்கப் பாலைவனத்துல நிறுத்தி இன்ஜின், கியர், கதவுன்னு பிரிச்சு விப்பாங்க. நம்ம முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய வீட்டுக் கதவு நிலை தனியா, மங்குச்சாமான் தனியா, தூண் தனியான்னு விலைக்கு நிக்குதே, அதே தொழில் தான்.

இதுல டெல்டா ஒரு தனி ரகம், எனக்குப் பிடிச்ச ரகம். நார்த்வெஸ்ட்ட வாங்குனப்ப அதோட கிழட்டு டிசி-9 எல்லாம் வந்துச்சு, எல்லாரும் முதல்ல அதத் தான் தூக்குவாங்கன்னு நினைச்சாங்க, டெல்டா 2014 ஜனவரி வரைக்கும் ஓட்டுச்சு. கடன் அடைஞ்ச பிளேனுக்கு மாசத் தவணை கிடையாது, டீசல் கூடக் குடிச்சாலும் பரவால்ல, கூட்டம் இருக்குற நாள்ல எடுப்போம் இல்லாத நாள்ல நிறுத்துவோம்ங்குற கணக்கு. சரி, பிளேன் குடிக்குறது டீசல் இல்ல, வாய் பழக்கம். சவுத்வெஸ்ட் வேண்டாம்னு விட்ட அந்த 717-ஐயும் இதே டெல்டா தான் வாரிக்கிச்சு. பெட்டியடியில உக்காந்து ஐந்தொகை எழுதுன நம்ம பெரியவங்க பாத்திருந்தா மெச்சியிருப்பாங்க.

திருச்சி சிங்கப்பூர் டைகர்ல போவோமே, அது என்ன ஆச்சு?

அது செத்துப் போகல, பேரு தான் போச்சு. டைகர்ஏர், ஸ்கூட் ரெண்டுமே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வீட்டுப் பிள்ளைங்க. டைகர்கிட்ட சின்ன ஏர்பஸ் 320, பக்கத்து ஊருக்கெல்லாம் போகும், ஸ்கூட்கிட்ட பெரிய போயிங் 787, சிட்னி மெல்போர்ன்னு தூரம் போகும். 2017 ஜூலை 25-ல ரெண்டையும் ஸ்கூட்ங்குற பேருல சேத்தாங்க. ஒரு வேடிக்கை பாருங்க, ஜெயிச்ச பேரு ஸ்கூட், ஆனா பிளைட் நம்பருக்கு முன்னாடி வர்ற ரெண்டு எழுத்துக் கோடு மட்டும் டைகரோட டிஆர், ஸ்கூட்டோட பழைய டிஇசட் போச்சு. இன்னிக்கும் திருச்சியில போர்டுல டிஆர்னு பாக்குறீங்களே, அது டைகர் விட்டுட்டுப் போன வால்.

இங்க ரெண்டு வகை பிளேன் இருந்தும் ஒண்ண விரட்டல, கவனிச்சீங்களா. ஏன்னா ரெண்டும் ஒரே வேலைக்குப் போட்டி போடல. 320 திருச்சியில இருந்து ஆள அள்ளிட்டு சிங்கப்பூர்ல கொட்டும், 787 அங்க இருந்து அள்ளிட்டு ஆஸ்திரேலியா போகும். கானாடுகாத்தான்ல இருந்து மினி பஸ் காரைக்குடி வந்து சென்னை பஸ்ஸுக்கு ஆள் விடுற மாதிரி. மெர்ஜர்ல பிளேனும் ரூட்டும் இப்படி ஒண்ணுக்கொண்ணு ஊட்டுற மாதிரி அமைஞ்சா அது நல்ல சம்பந்தம், ஒரே ரூட்டுல ரெண்டும் மோதிக்கிட்டு இருந்தா எதையாவது வெட்டித் தான் ஆகணும். அதே வீட்டுல சில்க்ஏர்னு இன்னொண்ணு இருந்துச்சு, கோயம்புத்தூருக்கு வந்துக்கிட்டு இருந்தது, அத 2021-ல சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குள்ளயே இழுத்துக்கிட்டு, கோயம்புத்தூர் ரூட்ட ஸ்கூட் கையில குடுத்துட்டாங்க.

நல்லா ஓடுன ரூட்ட ஏன் நிறுத்துறாங்க?

காரைக்குடி திருச்சிக்கு ரெண்டு முதலாளி பஸ், ஒண்ணு ஏழு மணிக்கு, இன்னொண்ணு ஏழு பத்துக்குன்னு வைங்க. ரெண்டும் பாதி பாதி காலி, ஆனா எவனும் விட்டுக்குடுக்க மாட்டான், ஏன்னா விட்டா எதிராளிக்கு ஆள் போயிடும். நாளைக்கு ரெண்டு பஸ்ஸும் ஒரே முதலாளிக்கு வந்துருச்சுன்னா முதல் வேலையா ஒண்ண ஒன்பதரைக்கு தள்ளுவாரு, இல்ல ஒண்ண எடுத்து ராமேஸ்வரத்துக்கு விடுவாரு. பிளேன்லயும் அதே தான். ஏழு மணிப் பயணிக்கு ஒரு சாய்ஸ் குறையும், ஒன்பதரைப் பயணிக்கு புதுசா ஒண்ணு கிடைக்கும், ராமேஸ்வரத்துக்காரருக்கு பஸ்ஸே புதுசு. இதுல யாரு லாபம் யாரு நஷ்டம்ங்குறது நீங்க எங்க நிக்கிறீங்கங்குறதப் பொறுத்தது.

ரொம்ப அடி வாங்குறது ஹப் ஊருங்க தான். ஹப்னா மானாமதுரை ஜங்ஷன் மாதிரி, அந்த ஊருக்குன்னு வர்றவங்க கொஞ்சம், வண்டி மாறிப் போறவங்க தான் கூட்டம். மாறிப் போற கூட்டத்துக்கு எந்த ஜங்ஷனா இருந்தா என்ன? ரெண்டு கம்பெனி சேர்ந்து கிட்டக்கிட்ட ரெண்டு ஜங்ஷன் கையில வந்துட்டா, சொந்த ஊர்க்கூட்டம் கம்மியா இருக்குறத மூடிருவாங்க. 2001-ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டிடபிள்யூஏவ வாங்குச்சு, டிடபிள்யூஏவோட ஹப் செயின்ட் லூயிஸ். அமெரிக்கனுக்கு ஏற்கனவே சிகாகோ, டல்லாஸ் இருக்கு, 2003-ல செயின்ட் லூயிஸ பாதிக்கு மேல வெட்டிட்டாங்க. கொடுமை என்னன்னா அந்த ஊர்ல இந்தக் கூட்டத்த நம்பி 100 கோடி டாலருக்கு மேல செலவு பண்ணி புது ரன்வே போட்டுக்கிட்டு இருந்தாங்க, அது 2006-ல திறக்குறப்ப இறங்குறதுக்கு பிளேன் இல்ல. ஜனம் இல்லாத ஊர்ல ஆயிரம் ஜன்னல் வீடு கட்டுனா மாதிரி. நார்த்வெஸ்டோட மெம்ஃபிஸ் ஹப்ப டெல்டா 2013-ல மூடுச்சு, கிட்டவே அட்லாண்டா இருக்கே. கான்டினென்டலோட கிளீவ்லேண்ட 2014-ல யுனைடெட் மூடுச்சு. சேருறப்ப எல்லாரும் எந்த ஊரையும் விட மாட்டோம்னு தான் சொல்லுவாங்க, அந்தப் பேச்ச நான் காதுல வாங்குறதே இல்ல.

டிக்கெட் விலை ஏறுமா?

போட்டி இருந்த ரூட்டுல அது போச்சுன்னா ஏறும், வேற யாராவது ஓட்டுனா அவ்வளவா ஏறாது. நம்ம நாட்டுக்குள்ள இப்ப இண்டிகோவும் ஏர் இந்தியா குரூப்பும் சேர்ந்தா பத்துப் பயணியில ஒன்பது பேரு அவங்ககிட்ட, அதனால தீபாவளி பொங்கலுக்கு சென்னை மதுரை விலையப் பாத்து என்கிட்ட சண்டைக்கு வராதீங்க. திருச்சி சிங்கப்பூர்ல எக்ஸ்பிரஸ், இண்டிகோ, ஸ்கூட்னு மூணு கம்பெனி போட்டி, அங்க நிலவரம் பரவால்ல.

அரசாங்கம் பாத்துக்கிட்டு சும்மா இருக்குமா?

இருக்காது. இங்க போட்டி ஆணையம் சிசிஐ இருக்கு, விஸ்தாரா சேருறதுக்கு 2023 செப்டம்பர்ல தான் நிபந்தனையோட சரின்னுச்சு. அமெரிக்காவுல யுஎஸ் ஏர்வேஸ் சேருறப்ப வாஷிங்டன் ரீகன் ஏர்போர்ட்ல 52 ஜோடி ஸ்லாட்ட வேற கம்பெனிக்கு விட்டுக்குடு, அப்ப தான் கல்யாணம்னு சொல்லிட்டாங்க. ஸ்லாட்னா இத்தனை மணிக்கு இறங்கலாம் ஏறலாம்ங்குற உரிமை, நெருக்கடியான ஏர்போர்ட்ல அது தங்கம். ஜெட்புளூ ஸ்பிரிட்ட 380 கோடி டாலருக்கு வாங்கப் போனப்ப 2024 ஜனவரியில கோர்ட்டே கூடாதுன்னுருச்சு, ஸ்பிரிட் அந்த நவம்பர்லயே திவால் மனு போட்டுச்சு. கோர்ட் காப்பாத்துனது பயணியையா இல்ல கம்பெனிய மூழ்க விட்டுச்சான்னு இன்னும் வாக்குவாதம் நடக்குது.

கொரியன் ஏர் ஏசியானாவ வாங்க நாலு வருஷம் ஆச்சு, 2024 டிசம்பர்ல தான் முடிஞ்சுது. ஐரோப்பாக்காரங்க பாரிஸ், ரோம், பார்சிலோனா, ஃபிராங்க்ஃபர்ட் நாலு ரூட்ட டிவேங்குற சின்ன கம்பெனிக்கு குடுக்கச் சொன்னாங்க. அந்த சின்ன கம்பெனிகிட்ட அவ்வளவு தூரம் போற பிளேன் பத்தாது, கடைசியில கொரியன் ஏரே தன்னோட ஏர்பஸ் 330-ஐயும் குடுத்து போட்டிக்காரன உருவாக்குச்சு. பங்காளிக்கு பாகம் பிரிச்சுக் குடுத்துட்டு, உழ மாடும் நம்ம வீட்டுலயே இருந்து ஓட்டி விடுற மாதிரி.

2007-ல ஏர் இந்தியா, இந்தியன் ஏர்லைன்ஸ் சேர்ந்ததே, அது ஏன் விளங்கல?

வீட்டுல வளவு மட்டும் ஒண்ணாச்சு, அடுப்பு ரெண்டாவே எரிஞ்சுது, அதுக்கு இத விட நல்ல உதாரணம் இல்ல. ஏர் இந்தியா பெரும்பாலும் போயிங், வெளிநாடு, மும்பை. இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ், உள்நாடு, டெல்லி. சேருறதுக்கு முன்னாடியே ஏர் இந்தியா 68 போயிங்குக்கும் இந்தியன் ஏர்லைன்ஸ் 43 ஏர்பஸ்ஸுக்கும் ஆர்டர் போட்டுட்டாங்க, மொத்தம் 111, ரெண்டு பேரும் உக்காந்து பேசிப் போட்ட ஆர்டர் இல்ல அது, கடன் மட்டும் ஒரே தலையில விழுந்துச்சு. ஐசிங்குற பழைய கோடு போறதுக்கே 2011 ஆச்சு.

பிளேன் கூட பரவால்ல, ஆளுங்க சேரல. புது போயிங் 787 வந்தப்ப அத ஓட்டுற பயிற்சி யாருக்குன்னு தகராறு, அது எங்க பங்குன்னு பழைய ஏர் இந்தியா பைலட்டுங்க 2012-ல 58 நாள் வேலைக்கு வரல. ஒரு பிளேன் வகைங்குறது பைலட்டுக்கு வெறும் மிஷின் இல்ல, அதுல தான் சம்பளம், புரொமோஷன், எந்த ஊருக்குப் போறோம்ங்குறது எல்லாம் தொங்குது. சீனியாரிட்டி லிஸ்ட்ல யாரு முன்ன யாரு பின்னங்குறது தீராம கம்பெனி பிளேன எந்த ரூட்டுல போடணும்னு இஷ்டத்துக்கு முடிவு எடுக்க முடியாது. அமெரிக்காவுலயும் யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்ங்குற கம்பெனியும் 2005-ல சேர்ந்து, ரெண்டு பக்கத்து பைலட்டும் வருஷக்கணக்கா கோர்ட்ல நின்னாங்க, அது வரைக்கும் அவன் பிளேன் அவனுக்கு இவன் பிளேன் இவனுக்கு.

பிளேன் ஒரே வகையா இருந்துட்டா மெர்ஜர் ஜெயிச்சுருமா?

அப்படியும் சொல்ல முடியாது. கிங்ஃபிஷர் ஏர் டெக்கான வாங்குனப்ப ரெண்டு பக்கமும் ஏர்பஸ் 320, ரெண்டு பக்கமும் ஏடிஆர்னு சின்ன பிளேன், காகிதத்துல பத்துப் பொருத்தம். ஆனா டெக்கான்ல ஏறுனவரு ரயில் டிக்கெட் விலைக்கு பறக்க வந்தவரு, கிங்ஃபிஷர்ல ஏறுனவரு ராஜ உபசாரத்துக்கு வந்தவரு. உண்மையில கிங்ஃபிஷருக்கு வேண்டியது டெக்கானோட வயசு, அஞ்சு வருஷம் பறந்த கம்பெனிக்கு தான் வெளிநாட்டு ரூட்னு அப்ப சட்டம் இருந்துச்சு, டெக்கான் 2003-லயே ஆரம்பிச்சது. வயசுக்காக வாங்குன கம்பெனியோட கஸ்டமரும் கையில இருந்து போயிட்டாங்க, 2012 அக்டோபர்ல கிங்ஃபிஷர் பறக்குறத நிறுத்திருச்சு. ஜெட் ஏர்வேஸ் சஹாராவ 2007-ல 1,450 கோடிக்கு வாங்கி ஜெட்லைட்னு வச்ச கதையும் சுகமா முடியல.

பாயிண்ட்ஸ் சேத்து வச்சிருந்தேனே?

விஸ்தாரா பாயிண்ட் ஒண்ணுக்கு ஒண்ணா ஏர் இந்தியா மகாராஜா கிளப்புக்கு போச்சு. பழைய மெயில் ஐடி மறந்துட்டேன்னு என்கிட்ட வராதீங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியாது.

எல்லாம் சரி அண்ணே, செட்டிநாட்டுல பழைய ரன்வே கிடக்கே, அதுக்கு பிளேன் வருமா?

ரெண்டாம் உலகப்போர் சமயத்துல போட்ட ஓடுதளம், அங்க ஆடு மேயுறதத் தான் நான் பாத்திருக்கேன். தேர்தல் வந்தா பேச்சு வரும். இந்த மாதிரி ஊருக்கு வரணும்னா ஏடிஆர் மாதிரி எழுபது பேரு ஏறுற சின்ன பிளேன் வேணும், சேர்ந்து பெருசான கம்பெனிங்க ஆர்டர் போடுறதப் பாத்தா ஏர் இந்தியா 2023-ல போட்ட 470-ம் ஜெட்டு தான், சின்னது ஒண்ணு கூட இல்ல. அதனால அப்பச்சிக்கு சிங்கப்பூர் டிக்கெட் வேணும்னா இப்போதைக்கு திருச்சிக்குத் தான் போடுவேன், பிளேனுக்கு மூணு மணி நேரம் முன்னாடி அங்க இருக்கணும், புதுக்கோட்டை வழியா ரெண்டு மணி நேரம், கார் சொல்லணும்னா முதல் நாளே சொல்லிருங்க.